காரைக்குடியில் ஒரு மனநல ஆலோசனை மையம்: ஏழு மாத அனுபவம்

மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஊர் சின்னது, என் மகள் யாரென்று நாலு பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், "என் பேரு மட்டும் வேண்டாம், மத்ததெல்லாம் எழுதுங்கம்மா" என்றாள். பெயர் தேவைப்படுபவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

அவளுக்கு 15 வயது. சித்திரை வெயிலில் பள்ளத்தூர் வீட்டு வளவில் எல்லோரும் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் முழுக்கைச் சட்டையோடு இருந்தாள். வயசுப் பிள்ளையின் கூச்சம் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது சட்டைக்கை மேலே ஏறியது, அவளே தனக்கு ஏற்படுத்திக்கொண்ட காயங்களைப் பார்த்துவிட்டேன். கத்தினேன், அழுதேன், "இனிமே செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றேன். பண்ணினாள். பத்து நாளில் மறுபடியும் காயம், இந்த முறை இன்னும் நன்றாக மறைத்திருந்தாள்.

முதலில் போன மருத்துவமனையில் எதிரே இருந்தவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போனைப் பிடுங்கி வைங்க, எல்லாரும் தன்னைக் கவனிக்கணும்னு பண்றது" என்றார். கவனிக்க வேண்டும் என்று செய்கிறவள் கத்திரி வெயிலில் ஏன் அத்தனை பாடுபட்டு மறைக்க வேண்டும்? அன்று எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அன்று ராத்திரி 14416-க்கு அழைத்தேன். டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வளவில் நின்று பேசினால் ரெண்டாம் கட்டு வரைக்கும் கேட்கும், அதனால் ஊருணிக் கரையில் காரை நிறுத்திப் பேசினேன். பேசிய அம்மா முதலில் கேட்டது, பிள்ளை இப்போது பத்திரமாக இருக்கிறாளா என்று. அடுத்து, சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்று அவளிடம் நேராகக் கேட்டீர்களா என்றார். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்டால்தான் அவளால் சொல்ல முடியும் என்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன். "சாகணும்னு இல்லம்மா, உள்ளுக்குள்ள தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு, எத்தனையோ நாளுக்கு அப்புறம் என் மடியில் படுத்தாள்.

அடுத்த சனிக்கிழமையே இந்த மையத்துக்குப் போனோம். ஆலோசகர் முதலில் என்னைத் தனியாக உட்கார வைத்தார், இந்த மையத்தை நான் சிபாரிசு செய்ய அந்த முக்கால் மணி நேரமே போதும். தாங்க முடியாத துக்கமோ, கோபமோ, ஒன்றுமே உணராத மரத்துப்போன நிலையோ வரும்போது இப்படிச் செய்தால் கொஞ்ச நேரம் தணிகிறது, அப்புறம் வெட்கம் வருகிறது, வெட்கம் மறைக்க வைக்கிறது, மறைப்பதால் தனிமை கூடி மறுபடி அங்கேயே கொண்டுபோய் விடுகிறது, நீங்கள் வாங்கிய சத்தியம் அந்த வெட்கத்தை இன்னும் ஏற்றிவிட்டது என்று பொறுமையாகச் சொன்னார். பெரும்பாலும் இது சாவதற்கான முயற்சி இல்லை, ஆனால் பின்னால் அந்த ஆபத்து கூடும் என்பதால் லேசாக விடவும் கூடாது என்றார். தினமும் கையைச் சோதிப்பதை நிறுத்தச் சொன்னார். காயம் பட்டால் முகத்தில் பதற்றம் காட்டாமல் மருந்து போடுங்கள், அப்புறம் "இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள் என்றார்.

என் கொழுந்தனார் போலீஸ் கேஸாகும் என்று பயமுறுத்தியிருந்தார், அதையும் கேட்டேன். தற்கொலை முயற்சியாகவே இருந்தாலும் கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறதாம்.

மகளுக்குக் கற்றுக்கொடுப்பது டிபிடி (DBT) என்ற முறை, தாங்க முடியாத உணர்ச்சிகளைச் சமாளிக்கப் பழக்கும் பேச்சு சிகிச்சை, அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. அவரே சிறு வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனையில் இருந்தவர், 2011-ல் அதை வெளிப்படையாகச் சொன்னார். இதைக் கேட்ட அன்று மகள் வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். இப்போது அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அவள் கையெழுத்து. மனசு எப்போது கெடத் தொடங்குகிறது, அப்போது என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்று வரிசையாக. கூப்பிடும் ஆள்களில் முதல் பெயர் அப்பத்தா. என் பெயர் மூணாவது. அன்று கொஞ்சம் வலித்தது, ஆனால் அப்பத்தா எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவார், அவளுக்கு அது போதுமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை மட்டும்தான். ஒரு அமர்வுக்கு 600 ரூபாய், வாராவாரம் என்றால் கை கடிக்கும். காத்திருக்கும் பெஞ்ச் தெருவைப் பார்த்து இருக்கிறது, ஒரு திரை போட்டால் என்ன? இரண்டு முறை சொல்லிவிட்டேன், இன்னும் போடவில்லை. முழுசாக நின்றுவிட்டதா என்றால், இல்லை. ஐப்பசியில் ஒரு முறை நடந்தது, ஆனால் அன்று அவளாகவே வந்து சொன்னாள்.

போகிறவர்கள் மாலை 5 மணி அமர்வு கேளுங்கள், கூட்டம் குறைவு, பின்பக்கப் படி வழியாகவும் ஏறலாம். சனிக்கிழமை வரை பொறுக்க முடியாத நிலை என்றால் இன்று ராத்திரியே 14416-க்குப் போடுங்கள். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 108.