ரீட்-ஒன்லி கார்டு: ஓப்பன்ல தடுக்கறதா, டிஸ்க்குக்கே ஃப்ளாக் போடறதா?

எஸ்டி கார்டு ரீடர் ஒண்ணுக்கு லினக்ஸ் டிரைவர், அதாவது அந்த ரீடரை லினக்ஸோட மையமான கெர்னல்கூட பேசவைக்கற புரோகிராம், எழுதிட்டிருந்தேன். கார்டு பக்கவாட்டுல இருக்கற லாக் சுவிட்ச் கார்டுக்கே தெரியாது, ரீடர்தான் அதைப் பாத்துச் சொல்லும், அதனால எழுதவிடாம பாத்துக்கற பொறுப்பு மொத்தமும் டிரைவர் தலையிலதான்.

முதல்ல ஈசியான வழில போனேன். எழுதறதுக்காக யாராவது டிவைஸை ஓப்பன் பண்ணா ஈரோஃப்ஸ் எரர் (இது ரீட்-ஒன்லின்னு சொல்ற எரர்), நாலே வரி. கார்டுல இருக்கற ஃபைல்களை சிஸ்டத்தோட இணைக்கற மவுண்ட் கமாண்டும் அந்த எரரைப் பாத்ததும் தானாவே ரீட்-ஒன்லியா மறுபடி ட்ரை பண்ணுது, சரி வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

இன்னொரு வழி செட்_டிஸ்க்_ஆர்ஓங்கற கெர்னல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, இது ரீட்-ஒன்லின்னு டிஸ்க்குக்கே ஃப்ளாக் போடறது. இப்ப நான் முழுக்க இந்தப் பக்கம்தான், காரணம் ஜர்னல், அதாவது பண்ணப்போற மாற்றங்களை ஃபைல் சிஸ்டம் முதல்ல குறிச்சு வைக்கற பதிவு.

ஒரு போர்டுல இருந்து ஷட்டவுன் பண்ணாம உருவின, ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் இருக்கற கார்டை லாக் போட்டு, ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ணேன். முன்னாடியும் பின்னாடியும் செக்சம் (டேட்டா மாறிச்சான்னு காட்டற எண்) எடுத்துப் பாத்தா ரெண்டும் வேற வேற! ரீட்-ஒன்லின்னு மவுண்ட் பண்ணாலும் பாதில நின்ன ஜர்னலை ஈஎக்ஸ்டி4 எழுதி முடிக்கும், டிவைஸ் நிஜமாவே ரீட்-ஒன்லியான்னு கெர்னல்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதும், ஆனா அது பாக்கறது அந்த ஃப்ளாக்கைத்தான், என்னோட ஓப்பன் செக்கை இல்ல. ஓப்பனும் படிக்கறதுக்குன்னுதான் வந்துது, அப்புறம் எங்க தடுக்கறது? ஃப்ளாக் போட்டதும் அதே கார்டுக்கு, எழுத முடியாது, நோலோட் (ஜர்னலை லோட் பண்ணாதேங்கற ஆப்ஷன்) போட்டு மவுண்ட் பண்ணுன்னு சொல்லி ஈஎக்ஸ்டி4 நின்னுடுச்சு. ஆதாரத்துக்காக காப்பி எடுக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

டிஸ்க் ரீட்-ஒன்லியான்னு கேட்டா பிளாக்டெவ் கமாண்டு, சிஸ்எஃப்எஸ் (கெர்னல் விவரங்களை ஃபைல்களா காட்டற இடம்) எல்லாம் சரியான பதிலைச் சொல்றதும் ஃப்ளாக் போட்டாத்தான்.

ஆனா ஃப்ளாக்கை மட்டும் நம்பிடாதீங்க. ரீட்-ஒன்லி டிஸ்க்குக்கு வர்ற எழுதற ரிக்வெஸ்டை பிளாக் லேயரே (டிரைவருக்கு மேல டிஸ்க் ரிக்வெஸ்ட்டுகளைக் கையாளற கெர்னல் பகுதி) ஃபெயில் பண்ணணும்னு 2018ல மாத்தினாங்க, டிஸ்க் இடத்தைப் பிரிச்சு நிர்வகிக்கற பழைய எல்விஎம் டூல்ஸ் உடைஞ்சுதுன்னு அதே வருஷம் வெறும் வார்னிங்கா குறைச்சுட்டாங்க. அதனால டிரைவருக்கு ரிக்வெஸ்ட் வர்ற இடத்துலயும் எழுதற ரிக்வெஸ்டைத் திருப்பி அனுப்பறேன், ஓப்பன் செக்கையும் எடுக்கல.

ஓடிட்டிருக்கும்போதே ரீட்-ஒன்லியா மாறற டிவைஸ் நான் ஒண்ணுதான் பாத்தேன், அதுக்கு இது போதும்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். சுவிட்ச் வச்ச கார்டுக்கு, டிஸ்க்கை சிஸ்டத்துக்கு அறிமுகப்படுத்தற ஆட்_டிஸ்க் ஃபங்ஷனைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே ஃப்ளாக்கைப் போட்டுடுங்க, பின்னாடி போட்டா அந்த இடைவெளில ஆட்டோமவுண்ட் (தானா மவுண்ட் பண்றது) உள்ள புகுந்துடும்.