பழைய நோட்டுகளை ஸ்கேன் செய்து தரும் சேவை: அத்தைப்பாட்டியின் 3 நோட்டுகளைக் கொடுத்து வாங்கிய அனுபவம்

அம்மாவின் அத்தை எழுதி வைத்த 3 நோட்டுகள் எங்களிடம் இருக்கின்றன. அவற்றை டைரி என்றும் சொல்ல முடியாது, கணக்கு நோட்டு என்றும் சொல்ல முடியாது. படித்ததில் பிடித்த வரிகள், பத்திரிகையில் இருந்து கத்தரித்து ஒட்டிய துணுக்குகள், யாரிடம் என்ன புத்தகம் இரவல் வாங்கினார், எப்போது திருப்பிக் கொடுத்தார், குழந்தைகள் பிறந்த தேதிகள், கடிதம் எழுதுவதற்கு முன் எழுதிப் பார்த்த வாசகங்கள் என்று எல்லாம் கலந்து கிடக்கும். தாள் ஓரங்கள் தொட்டாலே உதிர ஆரம்பித்ததும், இனித் தள்ளிப்போடக் கூடாது என்று குடும்ப ஆவணங்களைப் படமெடுத்துத் தரும் ஒரு சேவையிடம் கொடுத்தேன். திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. வேலை சுத்தம், ஆட்கள் பொறுப்பானவர்கள். ஆனால் நோட்டு என்றால் என்ன என்பதில் ஒரு பெரிய தவறு செய்தார்கள், அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் நல்லது. நோட்டை விரித்துக் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கும் சாதாரண ஸ்கேனர் அவர்களிடம் இல்லை. வி வடிவத் தொட்டிலில் பாதி மட்டும் திறந்தபடி வைத்து, மேலிருந்து கேமராவால் எடுக்கிறார்கள். முதுகுத் தையல் பிரியும் நிலையில் இருக்கும் நோட்டுக்கு இது மட்டும்தான் சரி. கையுறை போடாமல் வெறும் கையால் புரட்டியதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். அப்புறம் அவர்களே விளக்கினார்கள்: துணிக் கையுறையில் விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, அதனால்தான் கிழியும், நன்றாகக் கழுவித் துடைத்த உலர்ந்த கை போதும். பெரிய நூலகங்கள் பலவும் இப்போது இதையேதான் சொல்கின்றன. துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்களை எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டார்கள்.

ஒட்டிய பத்திரிகைத் துணுக்குகளுக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் நடுவில் அமிலமில்லாத மெல்லிய தாள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகைத் தாள் மரக்கூழ் தாள். வயதாக ஆக அதில் அமிலம் ஏறி, எதிரே இருக்கும் பக்கத்தில் துணுக்கின் அளவிலேயே பழுப்புச் சதுரம் விழும். எங்கள் நோட்டில் அப்படி ஏகப்பட்டது. நான் கேட்காமலே செய்த இந்த வேலைக்காகவே அவர்களை யாருக்கும் சொல்வேன். ஏனென்றால் பல வருடத்துக்கு முன், இந்த நோட்டில் இருந்து பிரிந்த 2 தாள்களை வேறொரு கடையில் கொடுத்தபோது, பாதுகாப்பு என்று சொல்லிச் சூட்டில் லாமினேட் செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் சேர்ந்து போகும், ஆக அந்த இரண்டும் இனி அப்படியேதான்.

படங்கள் அங்குலத்துக்கு 400 புள்ளி, முழு வண்ணம், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் பைலாக. எங்கள் நோட்டு ஏ5 அளவு, ஒரு பக்கமே சுமார் 23 எம்பி வருகிறது. குடும்பத்தில் பகிர ஜேபெக் தனியாகத் தந்தார்கள். கருப்பு வெள்ளையில் எடுத்தால் போதாதா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன். இரண்டாவது நோட்டின் 112-ஆம் பக்கத்தில் நீல மையில் ஒரு செய்யுளை எழுதியிருக்கிறார். அதில் ஒரு வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் கருப்பு மையில், கொஞ்சம் நடுங்கும் எழுத்தில், ‘இது அப்படியில்லை’ என்று இருக்கிறது. அவரே பல வருடம் கழித்துத் திரும்பி வந்து எழுதியது என்பது அந்த இரண்டு மையையும் பார்த்தால்தான் புரியும்.

இப்போது குறை. அத்தைப்பாட்டி நோட்டை இரண்டு பக்கமிருந்தும் எழுதுவார். முன்னாலிருந்து படித்ததில் பிடித்தவை, தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து பட்டியல்கள். இப்படி எழுதியவர்கள் எத்தனையோ பேர், இந்தச் சேவைக்கு இது புதிதாக இருக்க முடியாது. ஆனாலும் பின்பக்கத்துப் பக்கங்களை நேராகத் திருப்பி, வரிசையை மாற்றி, வேறு பைலில் போட்டுவிட்டார்கள். வெற்றுப் பக்கங்களைத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். உள்ளே செருகியிருந்த சீட்டுகளை எல்லாம் கடைசியில் ‘இதர துண்டுகள்’ என்று ஒரே குவியலாக வைத்துவிட்டார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். தலைகீழாக எழுதிய பகுதியில்தான் அவர் போட்ட அகராதி இருந்தது: எழுத்துவாரியாகச் சொற்கள், எதிரே பக்க எண்கள். படித்ததைக் குறித்து வைப்பவர்களுக்கு இது பழைய கவலை. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் தன் குறிப்பு நோட்டுக்கு, தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும் அடுத்து வரும் உயிரெழுத்தையும் வைத்து 2 பக்கத்தில் அடங்கும் அகராதி முறை ஒன்றை வகுத்து 1686-இல் பிரெஞ்சில் வெளியிட்டார். அவர் இறந்த பின் 1706-இல் ஆங்கிலத்தில் வந்தது. அவர் பெயரையே கேள்விப்பட்டிராத அத்தைப்பாட்டி தானாகவே ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறார். சேவை கொடுத்த பைலில் வெற்றுப் பக்கங்கள் இல்லாததால் அவருடைய 41-ஆம் பக்கம் 36-ஆம் எண்ணாக வருகிறது. அகராதி மொத்தமும் பயனில்லாமல் போனது.

நல்லவேளையாக, கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் எடுத்து, எந்தச் சீட்டு எந்தப் பக்கத்தில் என்று எழுதி வைத்திருந்தேன். டார்வினின் 2 நோட்டுகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் 2000-இல் படமெடுப்பதற்காக வெளியே எடுக்கப்பட்டன, 2001 ஜனவரியில் சரிபார்த்தபோது காணவில்லை. உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வந்ததைக் காட்ட 1837-இல் அவர் வரைந்த உயிர் மரப் படம் அதில் ஒன்றில்தான் இருந்தது. 2022 மார்ச்சில் யாரோ பரிசுப் பையில் போட்டு நூலகத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அங்கேயே அப்படி நடக்கும் என்றால், நாம் பக்கத்தை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவதில் தப்பே இல்லை.

என் பட்டியலைக் காட்டியதும் வாதாடாமல் ஒப்புக்கொண்டு, கூடுதல் கட்டணம் இல்லாமல் முழுவதையும் மறுபடி எடுத்துத் தந்தார்கள். இதற்கு மேலும் 3 வாரம் ஆனது. பைல் பெயரிலேயே நோட்டு எண்ணும் அவருடைய பக்க எண்ணும் இருக்கிறது, தலைகீழ்ப் பக்கங்கள் தலைகீழாகவே இருக்கின்றன, ஒவ்வொரு சீட்டும் அதன் பக்கத்துக்கு அடுத்தே வருகிறது. முதலில் இருந்தே இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்தைத் தானாக வாசித்துத் தட்டச்சாக்கும் வசதியும் இருக்கிறது, இப்போதைக்கு வேண்டாம். புள்ளி வைக்காத மெய்யெழுத்து, துதிக்கை போட்ட பழைய லை, னை, ஒரே மாதிரி இருக்கும் காலும் ரகரமும் என்று எல்லாவற்றிலும் தடுமாறி, பாதிக்குமேல் திருத்த வேண்டியிருந்தது. நானும் அம்மாவும் உட்கார்ந்து தினம் 2 பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது நோட்டின் தையலைச் சரிசெய்ய ஆள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். பசையும் டேப்பும் இல்லாமல் நூலிலேயே தைப்பவராக இருந்தால் மட்டும் கொடுப்பேன்; அதுவரை நாடாவால் தளர்வாகக் கட்டி, அவர்கள் தந்த அமிலமில்லாத பெட்டியில் படுக்கை வசமாக வைத்திருக்கிறேன்.