காணும் பொங்கல் ராத்திரி: பிரியாணிக்குப் பின்னால் எந்த இனிப்பு?

காணும் பொங்கலன்று ராத்திரி எங்கள் வீட்டில் 16 பேர் சாப்பிடுவோம். கொளத்தூரில் சின்ன வீடுதான், ஹாலில் பாய் விரித்தால் எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடும். மதியமே ஒரு கூட்டம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மெரினாவுக்கோ வண்டலூருக்கோ கிளம்பிவிடும். நெரிசலில் நீந்தித் திரும்ப ஏழரை, எட்டு ஆகும். எட்டரைக்கு இலை போட்டாக வேண்டும். மட்டன் பிரியாணி, வஞ்சிரம் வறுவல், எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி. இதில் வருஷத்துக்கு வருஷம் மாற்றமே கிடையாது. மாறிக்கொண்டே இருப்பது கடைசியில் வரும் இனிப்பு. அதை ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு விதமாகச் செய்து பார்த்திருக்கிறேன். இந்தத் தை மாதம் யாராவது இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் சில இனிப்புகளைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுகிறேன். போகிக்குப் போளி, மறுநாள் சர்க்கரைப் பொங்கல், மாட்டுப் பொங்கலன்று மிச்சமிருந்த வெல்லத்தில் ஒரு பாயசம் என்று மூன்று நாளாக வீட்டில் வெல்லமும் பாசிப்பருப்பும்தான் ஓடியிருக்கும். நாலாம் நாள் ராத்திரி அதே ருசியை யார் முன்னால் வைத்தாலும் கை நீளாது. அதனால் பருப்புப் பாயசம் வேண்டாம். எனக்கு உயிரான திருவையாற்று அசோகா அல்வாவும் பாசிப்பருப்புதான். அதையும் வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுடச்சுட குலாப் ஜாமுன்

பிள்ளைகளைக் கேட்டால் பதில் ஒன்றே ஒன்றுதான் வரும். 200 கிராம் மிக்ஸ் பாக்கெட்டில் சின்ன உருண்டையாகப் பிடித்தால் 40 வரை வரும், ஆளுக்கு இரண்டு தாராளம். செலவும் குறைவு. ஆனால் ஜாமுன் பொறுமையைக் கேட்கும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருந்தால் வெளியே சட்டென்று சிவந்து உள்ளே மாவாக நிற்கும். தீயைத் தணித்து, உருண்டை மெதுவாக மேலே வரும்படி விட்டு, திருப்பித் திருப்பி விட்டுத்தான் எடுக்க வேண்டும். பாகுக்குக் கம்பிப் பதம் வேண்டாம், விரலில் பிசுபிசுத்தால் போதும். பதம் ஏறிவிட்டால் உருண்டை பாகை உறிஞ்சாமல் அப்படியே கிடக்கும்.

நாலு வருஷம் முன்னால் சூடாகக் கொடுத்தால்தான் நன்றாயிருக்கும் என்று பிள்ளைகள் கேட்க, அத்தை சரி என்று சொல்லிவிட்டார். நாங்கள் எல்லாரும் ஹாலில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை மட்டும் அடுக்களையில் நின்று ஜாமுன் பொரித்துக்கொண்டிருந்தார். பத்தே கால் மணிக்கு நான் கையலம்பப் போனபோது, அடுப்பு மேடையில் தட்டை வைத்து, ஆறிப்போன பிரியாணியை நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரை மாவு ஒட்டியிருந்தது. "நீ போய் உக்காரும்மா, நான் முடிச்சிட்டேன்" என்றார். அந்தக் காட்சி எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது.

அன்றிலிருந்து என் முதல் கேள்வி இதுதான்: எட்டு மணிக்கு மேல் இந்த இனிப்புக்காக யாராவது அடுப்பங்கரையில் நிற்க வேண்டுமா? ஆமாம் என்றால் அது எங்கள் வீட்டு விருந்துக்கு வேண்டாம். ஜாமுனை மதியமே செய்து பாகில் ஊறவைத்தால் இந்தக் குறை தீரும், மூன்று நாலு மணி நேரம் ஊறினது சூடாகப் பொரித்ததைவிட மெத்தென்றும் இருக்கும். ஆனால் நெய்யும் மசாலாவும் வயிறு நிறைய இறங்கின பிறகு, எண்ணெயில் பொரித்துப் பாகில் முக்கின உருண்டை ரொம்பக் கனம். பெரியவர்கள் பாதியைக் கடித்துவிட்டு மீதியைப் பேரன் தட்டில் வைப்பதைத்தான் பார்க்கிறேன்.

கேரட் அல்வாவும் பிரெட் அல்வாவும்

இரண்டும் நெய், பால், சர்க்கரை. இரண்டையும் முன்கூட்டியே செய்யலாம். இருந்தாலும் உழைப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கேரட்டுக்கு ஜனவரிதான் சரியான மாசம். டெல்லி கேரட் என்று சிவப்பாக, நீளமாக, நாம் வழக்கமாக வாங்கும் ஊட்டி கேரட்டைவிட இனிப்பாகக் குளிர்காலத்தில் கடைகளுக்கு வரும். 16 பேருக்கு ஒன்றரைக் கிலோ கேரட், ஒன்றரை லிட்டர் பால், 300 கிராம் சர்க்கரை, 100 கிராம் நெய். துருவுவதற்கே முக்கால் மணி நேரம் ஆகிறது, விரல் நுனியும் தேய்கிறது. மிக்ஸியில் அடித்தால் குழைந்து துவையல் மாதிரி ஆகிவிடுகிறது, அந்தக் குறுக்குவழி எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு பால் வற்ற ஒரு மணி நேரம் கிளற வேண்டும். சர்க்கரையைப் பால் வற்றின பிறகே போடவேண்டும். முன்னாலேயே போட்டால் கேரட் வேகாமல் நறுக் நறுக்கென்று நிற்கும்.

இவ்வளவும் செய்து வைத்தால் ராத்திரி ஒரு சங்கடம் இருக்கிறது. ஜனவரி ராத்திரியில் சென்னையும் 20, 21 டிகிரிக்கு இறங்கும். நெய் உறைய அது போதும். ஆறின அல்வாவைச் சாப்பிட்டால் மேலண்ணத்தில் நெய் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். பரிமாறும் நேரத்தில் திரும்பச் சூடு பண்ணித்தான் ஆகவேண்டும்.

பிரெட் அல்வாவுக்கும் சூடு வேண்டும்தான். ஆனால் செய்வது அரைமணி வேலை. 400 கிராம் பிரெட், ஒரு நாள் பழையதாக இருந்தால் இன்னும் நல்லது. ஓரத்தை வெட்டி எறியாமல் துண்டு போட்டு நெய்யில் பொன்னிறமாக வறுத்து, அரை லிட்டர் பாலில் ஊறவிட்டு, 200 கிராம் சர்க்கரை சேர்த்துச் சுருளக் கிளறி இறக்கினால் முடிந்தது. கவனம் வறுப்பதில்தான் வேண்டும். பிரெட் பஞ்சு மாதிரி நெய்யைக் குடிக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றவேண்டும், ஒரே மூச்சில் ஊற்றினால் அத்தனையும் உள்ளே போய்விடும். பால் சேர்க்கும்போது நிறம் எப்படி இருக்கிறதோ அதுதான் கடைசி ருசி. வெளுப்பாக விட்டால் பால் சோறு மாதிரி இருக்கும், நன்றாகச் சிவந்திருந்தால் கேரமல் வாசம் வரும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கக் கல்யாணப் பந்திகளில் பிரியாணியோடு பிரெட் அல்வா வருவதைச் சாப்பிட்டவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லவேண்டியதில்லை. பிரியாணியின் காரத்துக்கு அடுத்து நாக்கு எதைக் கேட்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கே வைக்கும் அளவைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கரண்டிதான். கிண்ணம் நிறைய வைத்தால் இதே அல்வா திகட்டும். இந்த ஜோடியில் என் ஓட்டு பிரெட் அல்வாவுக்கு. கேரட் அல்வா, வீட்டில் நாலு பேர் மட்டும் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு.

பால் பாயசமும் இளநீர்க் கடற்பாசியும்

உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் நடுவில்தான். ரெண்டும் நம் வீட்டு ருசி, ரெண்டையும் முன்னாலேயே முடித்துவைக்கலாம்.

பால் பாயசத்தைக் குக்கரில் செய்கிறேன். 2 லிட்டர் பால், 100 கிராம் பச்சரிசி, 300 கிராம் சர்க்கரை. பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்தான். அதில் கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3 சதவீதம்தான். நீலத்தில் செய்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்தக் கெட்டிப் பதம் வராது. குக்கரில் பால் பாதிக்கு மேல் போகக்கூடாது, பொங்கி வால்வை அடைத்துவிடும். எங்கள் வீட்டு 5 லிட்டர் குக்கருக்கு இந்த 2 லிட்டர்தான் எல்லை. உள்ளே நெய் தடவி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, பால் கொதி வந்த பின் மூடி, வெயிட் போட்டு, இருக்கிற தீயிலேயே சின்னத் தீயில் 35, 40 நிமிஷம். விசில் எண்ணவேண்டாம். ஆவி தானாக அடங்கும் வரை தொடக்கூடாது. திறந்தால் பால் இளஞ்சிவப்பாக இருக்கும். பாலின் சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து ஏற்றும் நிறம் அது, குங்குமப்பூ போட்டு வருவதல்ல. கரண்டியைக் கவிழ்த்தால் பின்புறத்தில் ஒரு மெல்லிய பூச்சாக நின்று, விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே இருக்கும். ராத்திரிக்குள் இறுகிவிடும் என்பதால் கால் லிட்டர் காய்ச்சின பாலைத் தனியாக எடுத்துவைத்து, பரிமாறும் முன் கலந்துகொள்வேன்.

ருசியில் இதற்கு ஈடு இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். சாம்பார், அவியல், அப்பளம் என்று இலை போடும் சைவச் சாப்பாட்டுக்கு நான் யோசிக்கவே மாட்டேன், பால் பாயசம்தான்.

ஆனால் எங்கள் இலையில் வஞ்சிரம் இருக்கிறது. மீன் சாப்பிட்ட வாயில் பால் படக்கூடாது என்று எங்கள் பெரியப்பாவும் சின்ன அத்தையும் கிண்ணத்தைத் தொடமாட்டார்கள். அது சரியா தவறா என்று விருந்தன்று வாதாட எனக்கு விருப்பமில்லை. 80 வயதில் ஒரு மனுஷர் ஒன்று வேண்டாம் என்றால் அவருக்குப் பிடித்த வேறொன்றை வைப்பதுதான் முறை. இன்னொன்று, சர்க்கரைக் கணக்கு. 300 கிராமை 16 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 19 கிராம். எங்கள் வீட்டில் நாலு பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. "நாட்டுச் சர்க்கரை போட்டிருக்கேன், பரவாயில்லை" என்று சொல்லி ஊட்டுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

இந்த இடத்தில்தான் கடற்பாசி ஜெயிக்கிறது. சைனா கிராஸ் என்று மளிகைக் கடையில் கேட்டாலும் கொடுப்பார்கள். இது ஒருவகைக் கடல் பாசியிலிருந்து எடுப்பது. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் எடுக்கிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் நம் முஸ்லிம் வீடுகளில் வெட்டிவைத்திருக்கும் அந்தக் கண்ணாடித் துண்டுகள் இதுதான். ஜெலட்டின் மாதிரி மாட்டெலும்பு, தோலிலிருந்து வருவதல்ல என்பதால் சைவக்காரர்களும் தயங்காமல் சாப்பிடலாம். இன்னொரு நல்ல குணம், சென்னைக்கென்றே செய்தது மாதிரி: ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி பக்கம் சூடு ஏறினால்தான் திரும்ப உருகும். ஃபிரிட்ஜில் பிரியாணிச் சாமான் நிறைந்து இடமில்லையென்றாலும் தட்டோடு வெளியே மேசையில் வைக்கலாம். குளிர்ந்ததைச் சாப்பிட்டால் தொண்டை கட்டும் என்பவர்களுக்கு அப்படி வைத்ததே சரி.

அளவு: 12 கிராம் கடற்பாசியை அரைமணி ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு இழைகூடத் தெரியாமல் கரையும் வரை கொதிக்கவிடவேண்டும். 80 கிராம் சர்க்கரை, தலைக்கு 5 கிராம்தான் வரும். அடுப்பை அணைத்த பின் 750 மில்லி இளநீர். இளநீரைக் கொதிக்க வைத்தால் அதன் மணம் போய்விடும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்தும் ஊற்றக்கூடாது, பாத்திரத்திலேயே கட்டி கட்டியாக உறைந்துவிடும். நான் ஒருதரம் அப்படிச் செய்து, திரும்ப முழுதையும் அடுப்பில் வைத்து உருக்கினேன், இளநீர் வாசம் அத்தோடு போனது. இளநீர்க்காரரிடம் "வழுக்கையா நாலு கொடுங்க" என்று கேட்டு வாங்கினால் தண்ணீரும் ஆகும், வழுக்கையைப் பொடியாக நறுக்கித் தட்டில் பரப்பவும் ஆகும். அதன் மேல் ஊற்றி விட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும்.

இளநீர்ப் பாயசம் இன்னும் ருசிதானே என்று கேட்பீர்கள். ருசிதான். ஆனால் தேங்காய்ப்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்வதால் இனிப்பு கூடுகிறது, குளிரவைத்தே ஆகவேண்டும், தேங்காய்ப்பால் புளிக்கும் பயமும் இருக்கிறது. மே மாதக் கோடை விடுமுறைக்கு அதைச் செய்யுங்கள்.

வாங்கி வருவது

ரசமலாயை வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன், கடையில்தான். உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிடவேண்டும் என்று சில கடைக்காரர்கள் சீட்டில் எழுதிவைத்திருப்பார்கள். அந்தச் சீட்டைக் கட்டாயம் பாருங்கள். பண்டிகைக் கூட்டத்தில் நாங்கள் பார்க்காமல் வாங்கி வந்து, ராத்திரி மூடியைத் திறந்தபோது புளிப்பு வாடை அடித்தது. அவ்வளவையும் கொட்டினோம். ஐஸ்கிரீம் ஃபேமிலி பேக் எந்தச் சிரமமும் இல்லாதது, பிள்ளைகளுக்கு ஒன்று வாங்கி வைப்பதில் தப்பில்லை. ஆனால் அதை மட்டும் கொடுத்து விருந்தை முடித்தால் எனக்கு மனசு ஒப்பாது.

இந்த வருஷம் இளநீர்க் கடற்பாசி எல்லாருக்கும். பிரெட் அல்வா ஒரே ஒரு சின்னச் சட்டியில், கேட்பவர்களுக்கு ஒரு கரண்டி. காலை பத்து மணிக்குக் கடற்பாசி தட்டில் உறைந்திருக்கும். பிரெட்டை மதியம் வறுத்துக் கிளறி வைத்து, பிரியாணி தம் உடைத்ததும், தம்முக்கு அடியில் வைத்திருந்த தோசைக்கல்லின் சூட்டிலேயே அல்வாச் சட்டியை, ரெண்டு கரண்டிப் பால் தெளித்து ஏற்றிவிடுவேன். எட்டரைக்கு அத்தைக்கும் சேர்த்துத்தான் 16 இலை. கடற்பாசியை வெட்டும் கத்தியை மட்டும் ஒவ்வொரு வெட்டுக்கும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், ஓரம் பிசிறாது.