லெஷர் டாலர் என்று முலாம் பூசிய போலி விற்கிறார்கள், உஷார்!

1,850 டாலர். அப்படியே போச்சு. பழைய நாணயங்களை இணையத்தில் ஏலம் விடும் தளம் ஒன்று. பெயர் வேண்டாம்.

வாங்கியது 1900-ஆம் ஆண்டு லெஷர் வில்லை. வெள்ளி மறுபடி பணமாகப் புழங்க வேண்டும் என்று கொலராடோவின் விக்டர் ஊரில் ஜோசப் லெஷர் சொந்தமாக அடித்த எண்கோண வெள்ளி அது. பெயர் பொறித்த கடையில் நீட்டினால் சரக்கு கிடைக்கும். இதில் இருந்தது பம்ஸ்டெட் மளிகைக்கடையின் பெயர். ஒரு அவுன்ஸ், அன்றைய விலை 1.25 டாலர்.

விற்ற ஆள் தராசில் வைத்து வீடியோவே அனுப்பினார். 31.1 கிராம், கச்சிதமாக ஒரு ட்ராய் அவுன்ஸ் (தங்கம், வெள்ளி நிறுக்கும் அவுன்ஸ்). வரிசை எண்ணையும் கிட்டத்தில் காட்டினார். அதை நம்பித்தான் பணம் போனது. ஆனால் எடையைச் சரிக்கட்டுவது வித்தையே இல்லை. லேசான உலோகத்தைத் தடிமனாக வார்த்து மேலே முலாம் பூசினால் முடிந்தது.

மாட்டிக்கொடுத்தது தண்ணீர். தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, நூலில் கட்டிய வில்லையை அடியில் தொடாமல் முழுக்க அமிழ்த்த வேண்டும். நாணயம் அடிக்கும் வெள்ளிக் கலவை என்றால் 3 கிராம் காட்டும். இது காட்டியது 3.6! 31.1-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 8.6. அந்த வெள்ளிக்கு 10.3 பக்கம் வர வேண்டும், 8.6 என்பது பித்தளை வகையறா.

வரிசை எண்ணும் பொய். அசலில் வில்லையை அடித்த பிறகு எண்ணைத் தனியாகக் குத்தியிருப்பார்கள். இலக்கங்கள் கொஞ்சம் கோணலாக, ஓரத்தில் உலோகம் பிதுங்கி இருக்கும். இதில் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கிக் கிடக்கிறது. வார்ப்பேதான்.

புகார் செய்தால், "பழைய சாமான் அப்படித்தான் இருக்கும்" என்கிறார் விற்றவர். பிறகு "உங்கள் தராசு சரியில்லை." அப்புறம் பதிலே இல்லை. தளமோ, திருப்பி அனுப்பும் கெடு தாண்டிவிட்டது என்று புகாரை மூடிவிட்டது. இதற்கிடையில் அதே ஆள், அதே வரிசை எண்ணோடு, இன்னொரு வில்லையை ஏலத்துக்கு விட்டிருக்கிறார்! அதைச் சுட்டிக்காட்டினால் "விற்பனையாளரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்று பதில். 1,850 டாலரை விழுங்கியவனிடம் என்ன பேசுவது?

வாங்குகிறவர்கள் எடை வீடியோவை நம்பாதீர்கள், தடிமன் கேளுங்கள். அதே எண் வேறெங்காவது விற்பனையில் இருக்கிறதா என்று தேடுங்கள். அமெரிக்கச் சட்டப்படி நகலில் 'காப்பி' என்று பொறித்திருக்க வேண்டும். அதை ராவியெடுத்த தடம் இருக்கிறதா பாருங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி நாணயத்துக்குச் சான்று தரும் நிறுவனங்களின் உறையில் வந்தாலும் சான்று எண்ணை அவர்கள் தளத்திலேயே போட்டுப் படத்தோடு ஒப்பிடுங்கள். பொருள் வந்த அன்றே தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கெடு முடிவதற்குள்.