பாங்காக்கில் வேலைப் பயணம்: அசோக்கா, சீலோமா?

அலுவலக வேலையாக பாங்காக் போகிறவர்கள் பெரும்பாலும் சுகும்வித் சாலையின் அசோக் பக்கமோ, சீலோம் பக்கமோதான் அறை எடுக்கிறார்கள்.

கண்காட்சி, மாநாடு என்றால் அசோக் வசதி. மேம்பால ரயிலும் சுரங்க ரயிலும் அங்கேயே சந்திக்கின்றன. சிரிகித் மாநாட்டு மையம் ஒரே ஸ்டேஷன் தள்ளி. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்து மக்கசானில் சுரங்க ரயிலுக்கு மாறிக்கொண்டால் டாக்ஸியே வேண்டாம். மாலை நெரிசலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என் ஓட்டு சீலோமுக்குத்தான். மேலே வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள். கீழே, நடைபாதையில் காலையிலேயே தணல் மூட்டி, பன்றி இறைச்சியைக் குச்சியில் கோத்துச் சுடுகிறார்கள். கூடவே சின்ன பிளாஸ்டிக் பையில் சுடச்சுட ஒட்டரிசிச் சோறு. கழுத்தில் அடையாள அட்டையோடு ஊழியர்கள் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அசோக்கின் மால்களுக்குள் இந்த ஊரைப் பார்க்க முடியாது.

பான் தெரு முனையில், 1879-ல் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயில். கும்பிட வருபவர்களில் தாய்லாந்து மக்கள் ஏராளம். தைரியமாக உள்ளே போங்கள், படம் மட்டும் எடுக்காதீர்கள். அப்புறம் லும்பினி பூங்கா. மாலை 6 மணிக்குத் தேசிய கீதம் ஒலித்ததும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். நீங்களும் நில்லுங்கள்.

சரி, உங்கள் அலுவலகக் கூட்டம் அசோக்கில்தான் என்றாலும் கவலையில்லை. சீலோமிலிருந்து சுரங்க ரயிலில் நான்கே ஸ்டேஷன்.