கியான்டியா, லாங்கேயா, எமிலியாவா: இத்தாலியில் குடும்பத்தோடு சாவகாசமாகச் சாப்பிட எந்தப் பக்கம் போகலாம்?

ரோம், வெனிஸ் என்று ஓடாமல் ஒரே இடத்தில் தங்கி, நிதானமாகச் சாப்பிட்டு, கொஞ்சம் ஒயின் குடித்துவிட்டு வரலாம் என்று இத்தாலிக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களுக்கு நடுவில்தான் தடுமாறுகிறார்கள். டஸ்கனியில் கியான்டி, பியட்மாண்டில் லாங்கே, அப்புறம் பொலோன்யா, மோடெனா, பார்மா மூன்றும் இருக்கிற எமிலியா. எந்த ஊர் ஒயின் உசத்தி என்பதில்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் கூட வரும்போது அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: கார் ஓட்டப் போவது யார், குடிக்காதவர்கள் மதியம் மூன்று மணிக்கு என்ன செய்யப் போகிறார்கள்.

கியான்டியின் பலம் தங்குமிடம். ஃப்ளாரன்ஸிலிருந்து சியேனா வரை மலைச்சரிவில் வளைந்து போகிற 222-ஆம் எண் சாலையை ஒட்டி கிரேவே, பன்சானோ என்று சின்னச் சின்ன ஊர்கள். சுற்றிலும் ‘அக்ரிதூரிஸ்மோ’ எனப்படும் பண்ணை வீடுகள். அவர்கள் தோட்டத்து ஆலிவ் எண்ணெய், அவர்கள் ஒயின், பின்னால் ஒரு நீச்சல் குளம் என்று பல வீடுகள் கிடைக்கும். குழந்தைகள் குளத்தைவிட்டு ஏற மாட்டார்கள், பெரியவர்கள் நிழலில் நாற்காலியைப் போட்டுவிடுவார்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கியான்டி ஒயின் பகுதியின் எல்லை 1716-லேயே டஸ்கனியை ஆண்ட மெதிச்சி கோமகன் வரைந்து கொடுத்தது. பாட்டிலில் கறுப்புச் சேவல் முத்திரை இருந்தால் அது கியான்டி கிளாசிக்கோ ஒயின், அதில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்ஜோவேசே திராட்சை. சாப்பாடு எளிமையானது. ரொட்டியில் உப்பே இருக்காது, முதல் நாள் யாரும் தொட மாட்டார்கள். ஆனால் அதே ரொட்டி பழசானதும் பீன்ஸும் கீரையும் சேர்த்து ரிபோலிட்டாவாகவோ, தக்காளியில் குழைந்து பாப்பா அல் பொமொதோரோவாகவோ வரும்போது சின்னக் குழந்தை முதல் தாத்தா வரை சாப்பிடலாம். பிஸ்தெக்கா என்கிற பெரிய மாட்டிறைச்சித் துண்டை எடைக்குத்தான் விற்பார்கள், உள்ளே சிவப்பாகத்தான் தருவார்கள். நன்றாக வேகவையுங்கள் என்று கேட்டால் முகம் மாறிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், கார் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் இத்தாலியில் வரம்பு, உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது. ஆக வீட்டில் ஒருவர் போகிற இடமெல்லாம் ருசி பார்த்துத் துப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அது என்ன விடுமுறை?

ஒயினை மட்டும் பார்த்தால் லாங்கேதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இங்கத்திய சிவப்பு ஒயின்கள் இரண்டும் நெபியோலோ திராட்சையில் மட்டுமே செய்வது. பரோலோ கடைக்கு வருவதற்குள் 38 மாதம், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். பழகாதவர்களுக்கு முதல் வாயில் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கு மொஸ்காட்டோ தாஸ்தி வாங்கிக் கொடுங்கள், இனிப்பும் நுரையுமாக 5 சதவீதம் ஆல்கஹால்தான். முட்டை மஞ்சள் கருவில் பிசைந்து மெல்லியதாக நறுக்கிய தயரின் என்கிற பாஸ்தா, வெண்ணெய் மட்டும் போட்டே அமிர்தம். இலையுதிர் காலத்தில் இங்கே ஆல்பா என்கிற ஊரில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் வாசனைக் காளான்) சந்தை நடக்கும். தட்டில் சீவ ஆரம்பிக்கும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள், கிராம் கணக்கில் பில் வரும். ஃபெரேரோ கம்பெனி பிறந்ததும் இதே ஆல்பாதான், நுடெல்லா 1964-இல் இங்கிருந்து வந்தது என்று சொன்னால் பையனுக்கு அரை நாள் உற்சாகம் இருக்கும். அப்புறம்? ஒரு கோட்டை, ஒரு ஒயின் நிலவறை, இன்னொரு கோட்டை, இன்னொரு நிலவறை. இரவுச் சாப்பாடு ஒவ்வொரு தட்டாக நீண்டுகொண்டே போகும், குழந்தை மேஜையிலேயே தூங்கிவிடும். கார் இங்கேயும் வேண்டும்.

எமிலியாவில் கதையே வேறு. ரோமானியர்கள் கி.மு. 187-இல் போட்ட ஒரே நேர்ச்சாலை, அதை ஒட்டியே ரயில் பாதை. பொலோன்யாவிலிருந்து மோடெனா அரை மணி, பார்மா ஏறக்குறைய ஒரு மணி. யாரும் வண்டி ஓட்ட வேண்டாம், எல்லோரும் குடிக்கலாம். குடிப்பது லம்ப்ருஸ்கோ. ஒயின் பண்டிதர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், விடுங்கள். ஜில்லென்று நுரைக்கும் இனிப்பில்லாத சிவப்பு லம்ப்ருஸ்கோவும் பார்மா ஹாமும் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

குடிக்காதவர்களுக்குத்தான் இங்கே நிறைய இருக்கிறது. பார்மிஜானோ சீஸ் செய்யும் இடத்துக்கு ஒரு காலை போகலாம். ஆளுயரச் செம்பு அண்டாவின் அடியில் திரண்டு கிடக்கும் சீஸை இரண்டு பேர் துணிபோட்டு மேலே தூக்குவார்கள். தூளி கட்டிய மாதிரி அது கழியில் ஆடும், பாதியாக வெட்டினால் இரண்டு உருளை. ஒரு உருளைக்கு 500 லிட்டருக்கு மேல் பால், எடை 40 கிலோ அளவில், குறைந்தது 12 மாதம் அலமாரியில். உள்ளே கோளாறு இருக்கிறதா என்று சின்னச் சுத்தியால் தட்டிக் காதால் கேட்டுப் பார்க்கிறார்கள். எந்த நிலவறையிலும் குழந்தைகள் இவ்வளவு நேரம் வாய் பிளந்து நிற்க மாட்டார்கள். அப்புறம் மோடெனாவின் பால்சாமிக் வினிகர். காய்ச்சிய திராட்சைச் சாற்றைப் பெரியதிலிருந்து சிறியதாகப் போகும் பீப்பாய் வரிசையில் ஊற்றி, கூரைக்கடியில் வெயிலும் குளிரும் படும்படி 12 வருடமோ 25 வருடமோ விடுகிறார்கள். மகள் பிறந்தால் அவள் பேரில் ஒரு வரிசை தொடங்குவது பழைய வழக்கம். வெனிலா ஐஸ்க்ரீம் மேல் நாலு சொட்டு விட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

குறையும் உண்டு. சமவெளி, கோடையில் புழுக்கம் தாங்காது, ஆகஸ்ட் நடுவில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும், ஜன்னலைத் திறந்தால் குன்றும் சைப்ரஸ் மரமும் தெரியாது. சைவர்கள் கவனிக்க வேண்டியதும் இங்கேதான் அதிகம். தொர்தெல்லினி என்கிற சின்னப் பாஸ்தாவுக்குள் பன்றி இறைச்சி, அது மிதப்பது இறைச்சி ரசத்தில். பொரித்த மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். பார்மிஜானோவிலேயே பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்தான் சேர்க்கிறார்கள், அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. முட்டையும் சீஸும் சாப்பிடுகிறவர்களுக்குக் கீரையும் ரிகோட்டாவும் அடைத்த தொர்தெல்லி தெர்பெத்தா பாஸ்தா பார்மாவில் நிச்சயம் கிடைக்கும்.

என் கணக்கு இதுதான். பெரியவர்களும் குழந்தைகளும் சேர்ந்து போனால் எமிலியா. இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு வாரம் வீடு எடுக்கிறீர்கள், குடிக்காமல் ஓட்ட ஒரு ஆள் மனமுவந்து இருக்கிறார் என்றால் மே அல்லது செப்டம்பரில் கியான்டி. குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு இருவர் மட்டும் கிளம்பினால் அக்டோபரில் லாங்கே.

எமிலியா என்று முடிவு செய்தால் பொலோன்யாவில் வீடு எடுங்கள். தெருக்கள் முழுக்க மேலே கூரை போட்ட தூண் நடைபாதை, மழை பெய்தாலும் தள்ளுவண்டியோடு நடக்கலாம். சீஸ் பண்ணை ஊருக்கு வெளியே இருப்பதால் அந்த ஒரு நாள் மட்டும் டாக்ஸி சொல்லிவிட்டு, முன்பதிவு செய்து ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். வேலையெல்லாம் காலையில்தான். சாவகாசமாகப் பதினொன்றரைக்குப் போனால் அண்டா கழுவுவதைத்தான் பார்க்கலாம்.