நாள் பார்த்துச் சொல்லும் வண்டிக் கடை: 15,000 ரூபாய் போச்சு, கடலூர்க்காரர்கள் கவனம்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் பழைய டூவீலர் வாங்கி விற்கும் ஒரு கடையில் ஸ்கூட்டருக்கு அட்வான்ஸ் 15,000 ரூபாய் கொடுத்தேன். வண்டியும் இல்லை, பணமும் இல்லை. பெயர் போட்டு எழுதாதே என்று தெரிந்த வக்கீல் சொன்னதால் போடவில்லை.

சிப்காட்டில் எனக்குக் காலை ஷிப்ட். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ்ஸை நம்பிப் போனால் சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்க வேண்டும், அதற்காகத்தான் வண்டி. ஒரு சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். விலை படிந்தது, பணம் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு வண்டி எடுக்கும்போது தருகிறேன் என்றார். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றதும் கடைக்காரர் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை இரண்டு தாள் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு என்ன ராசிம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார். விருச்சிகம், அனுஷம். "அடடா, திங்களும் செவ்வாயும் சந்திராஷ்டமம், வண்டியே எடுக்கக் கூடாது. புதன்கிழமை வாங்க. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? என் கூடப்பிறந்த தம்பின்னாலும் இதைத்தான் சொல்லுவேன்." அம்மா அங்கேயே உருகிவிட்டார். இந்தக் காலத்தில் யார் இப்படி அக்கறையாகச் சொல்கிறார்கள் என்று வீடு வரைக்கும் அதே பேச்சு.

புதன்கிழமை போனால் வண்டியைக் காணோம். செவ்வாய்க்கிழமையே வேறு யாரோ கூடுதல் விலைக்கு எடுத்துப் போய்விட்டதைக் கடைப் பையன் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

சரி, 15,000-ஐத் திருப்பிக் கொடுங்கள் அண்ணே என்றேன், ஆரம்பித்தது பஞ்சாங்கம். வெள்ளிக்கிழமை போனால் "லட்சுமியை யாராவது வெளியே அனுப்புவாங்களா தம்பி?" செவ்வாய்க்கிழமையும் அதே கதை. வேலை முடிந்து சாயங்காலம் போனால் விளக்கு வைத்தாச்சாம். அப்புறம் அஷ்டமி, நவமி, அமாவாசை. போன் செய்தால் ராகு காலம் முடியட்டும், நானே கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறார். கூப்பிட்டதே இல்லை.

நேற்று ராத்திரி ஜிபேயைத் திறந்து பார்த்தேன். பணம் போன நேரம் சனிக்கிழமை காலை 9.47. சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30. என் 15,000 உள்ளே போகும்போது ராகு கண்ணை மூடிக்கொண்டிருந்தார் போல! இன்னொன்று, கிழித்த காலண்டர் தாள்களை அம்மா மளிகைக் கணக்கு எழுத வைத்திருப்பார். அந்தத் திங்கட்கிழமைத் தாளைத் தேடி எடுத்தால் சந்திராஷ்டமம் அஸ்வினிக்கு என்று போட்டிருக்கிறது, அனுஷத்துக்கு இல்லை. அதுவும் பொய்.

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது, அம்மாவுக்காகத் தலையாட்டுவேன். சந்திரன் எப்போதும் ஏதாவது ஒரு ராசிக்கு எட்டாம் இடத்தில்தான் இருப்பான், அப்படியென்றால் பன்னிரண்டு ராசியில் ஒரு ராசிக்காரர்களுக்குத் தினமும் சந்திராஷ்டமம்தான். அதற்காகப் புதுச்சேரி பஸ் டிரைவர் லீவு போடுகிறாரா, இல்லை துறைமுகத்தில் மீன் ஏலம் நிற்கிறதா? தை 1, 2, 3 மூன்றும் கரிநாள், நாம் பொங்கல் வைக்காமலா இருக்கிறோம்? அம்மா நம்பட்டும், அது வேறு. அந்த நம்பிக்கையை வைத்து ஒருவன் 15,000 அடித்ததுதான் வயிறு எரிகிறது.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வண்டி நம்பரும் டெலிவரி தேதியும் எழுதிய ரசீது இல்லாமல் பைசா கொடுக்காதீர்கள். கடைக்காரர் உங்கள் ராசியைக் கேட்டால் ஆர்சி புத்தகத்தைக் கேளுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது, நான் அங்கேதான் போகப் போகிறேன். அதே கடையில் யாராவது மாட்டியிருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.